ஏட்டிலிருந்து இணையத்துக்கு: ஒரு பாதையின் வரலாறு

வேலை முடிந்து வீடு திரும்பியிருக்கும் தோட்டத்துப் பெற்றோர்களுக்கும், புத்தகப் பையை ஓரமாக வைத்துவிட்டுச் செவி சாய்க்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் அன்பு உரியது.

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நாம் பேசப்போவது ஒரு பாதையின் வரலாறு. வீட்டுக் கணினியில் தட்டெழுதி வைத்த ஒரு கட்டுரையோ, பாட்டோ, படமோ எவ்வாறு இணையத்தளத்தைச் சென்றடைகிறது? அந்தப் பாதையை அமைத்தவர்கள் யார்? தமிழ் எப்போது அந்தப் பாதையில் காலடி வைத்தது? அதனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு என்ன பயன்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கோப்பு என்பது நமக்குப் புதிய சொல்லன்று. தோட்ட அலுவலகத்தில் கிராணியார் தாள்களைக் கோத்துப் பெயரெழுதி அலமாரியில் வைப்பாரே, அதுதான் கோப்பு. கணினியிலும் ஒரு கட்டுரையை ஒரு பெயரிட்டுச் சேமித்தால் அது ஒரு கோப்பு ஆகிறது. இணையத்தளம் என்பதும் ஆகாயத்தில் மிதக்கும் அதிசயமன்று. எங்கோ ஓரிடத்தில் இரவு பகலாக இயங்கிக்கொண்டிருக்கும் மற்றொரு கணினியில்தான் அது இருக்கிறது. கேட்பவர்க்கெல்லாம் எடுத்து வழங்குவதால் அந்தக் கணினியை ‘வழங்கி’ என்கிறோம். நம் கணினியிலிருந்து வழங்கிக்குக் கோப்பை அனுப்புவது பதிவேற்றம். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்வது பதிவிறக்கம். லாரியில் ஏற்றுவதும் இறக்குவதும் போலத்தான்.

பால்மரம் வெட்டிய காலத்தைப் பெரியவர்கள் நினைத்துப் பார்க்கலாம். மரத்தடிக் கோப்பையில் வடிந்த பால் வாளிக்கு வரவேண்டும். காண்டா வாளியில் தோளேறி நிறுக்கும் கொட்டகைக்கு வந்து சேரவேண்டும். யாருடைய பால், எவ்வளவு எடை என்று எழுதப்பட்ட பிறகே அது கணக்கில் ஏறும். கோப்பையிலேயே விட்டு வந்தால், ஒரு மழைக்கு அத்தனை உழைப்பும் வழிந்தோடிவிடும். எழுத்தும் அப்படியே. ஒரே ஒரு கணினியில் கிடக்கும் எழுத்து, கோப்பையில் கிடக்கும் பால்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1960-களில் கணினி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த பெரிய இயந்திரம். ஓரிடத்துக் கணினியில் உள்ளதை வேறோரிடத்துக் கணினிக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால், காந்த நாடாவையோ துளையிட்ட அட்டைக் கட்டுகளையோ மனிதர்கள்தாம் சுமந்து சென்றார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று, தொலைவில் உள்ள கணினிகளைக் கம்பி வழியாக இணைக்க முனைந்தது. ‘அர்பாநெட்’ என்பது அந்த வலையின் பெயர். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘லாகின்’ என்ற ஒரு சொல்லை அனுப்பிப் பார்த்தார்கள். எல், ஓ என்னும் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் இயந்திரம் நின்றுவிட்டது. இன்றைய இணையத்தின் முதல் நடை அந்த இரண்டு எழுத்துகள்தாம்.

கம்பி போட்டாயிற்று. ஆனால் கம்பி மட்டும் இருந்தால் போதுமா? ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு விதமாகக் கோப்புகளை வைத்திருந்தது. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியவில்லை. எல்லாக் கணினிகளும் ஏற்றுக்கொள்ளும் பொது ஒழுங்கு ஒன்று தேவைப்பட்டது. அதை முதலில் எழுதித் தந்தவர் ஓர் இந்தியர் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்க செய்தி. அபய் பூஷண் என்பது அவர் பெயர். 1944-இல் அலகாபாத்தில் பிறந்தவர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவராகப் பயின்று, 1965-இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மேற்படிப்புக்காகச் சென்றார். அங்கிருந்தபோது, 1971-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை அவர் எழுதி வெளியிட்டார். ‘எஃப்.டி.பி.’ என்று உலகம் அதனைச் சுருக்கமாக அழைக்கிறது.

அவர் அதை எந்த முறையில் வெளியிட்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. அக்காலத்து இணைய முன்னோடிகள், தாம் எழுதிய விதிகளுக்கு ‘கருத்து வேண்டும் குறிப்பு’ என்று பெயரிட்டார்கள். இது என் யோசனை, குறை இருந்தால் சொல்லுங்கள் என்று அனைவர் முன்னும் வைப்பது அதன் பொருள். பூஷணின் குறிப்பு அந்த வரிசையில் 114-ஆவது. பலரும் கருத்துச் சொன்னார்கள், பலரும் திருத்தினார்கள். 1985 அக்டோபரில் ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்னும் இருவர் எழுதிய 959-ஆம் குறிப்புதான் நெடுங்காலம் நிலைத்த வடிவம். யாரும் எந்தக் கட்டணமும் கட்டாமல் அந்த விதிகளைப் பயன்படுத்தலாம்.

இந்த நெறிமுறை வேலை செய்யும் விதம் எளிமையானது. இரு கணினிகளுக்கும் இடையே இரண்டு இணைப்புகள் உண்டாகின்றன. ஒன்று பேச்சுக்கு, மற்றொன்று சுமைக்கு. மண்டோர் நின்று கட்டளை சொல்ல, லாரி தனியாகச் சரக்கைக் கொண்டுசெல்வது போல. நம் கணினி முதலில் பெயரைச் சொல்லும். வழங்கி 331 என்று விடை கூறும். பெயர் சரி, மறைச்சொல் வேண்டும் என்பது அதன் பொருள். மறைச்சொல் பொருந்தினால் 230 என்று கூறி உள்ளே விடும். பொருந்தாவிட்டால் 530 என்று கூறி நிறுத்திவிடும். கோப்பு போய்ச் சேர்ந்ததும் 226 என்ற எண் வரும். அந்த எண் வந்தால்தான் சுமை இறங்கியது என்று நாம் நம்பலாம். எழுத்துக் கோப்புக்கு ஒரு முறை, படத்துக்கு வேறொரு முறை என்றும் பிரித்து வைத்தார்கள். படத்தை எழுத்து முறையில் அனுப்பினால் அது சிதைந்துபோகும்.

பெயர் சொல்லாமலே வந்து எடுத்துச் செல்லலாம் என்று சில வழங்கிகள் கதவைத் திறந்து வைத்தன. லயத்து முனையில் இருந்த பொதுக் குழாய் போல, குடம் கொண்டுவந்தவர் எவரும் பிடித்துக்கொள்ளலாம். அறிவும் நீரைப் போல அனைவர்க்கும் பொது என்ற எண்ணம் அங்கே வேர் பிடித்தது.

பூஷண் பாதை வகுத்த அதே 1971-இல், ஜூலை 4-ஆம் நாள், மைக்கேல் ஹார்ட் என்னும் அமெரிக்க மாணவர் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டெழுதி, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளுமாறு வைத்தார். குட்டன்பர்க் திட்டம் என்னும் மின்னூல் தொகுப்பு அதிலிருந்து வளர்ந்தது. பாதையும் பாதையில் செல்லும் நூலும் ஒரே ஆண்டில் பிறந்தன எனலாம்.

பிறகு வந்தது இணையத்தளம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் 1989-இல் இதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30-ஆம் நாள், இந்தத் தொழில்நுட்பத்தை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அந்த ஆய்வுக்கூடம் அறிவித்தது. அது முதல் தளங்கள் பெருகின. தளம் வைத்திருந்தவர்களில் மிகப் பலர், பக்கங்களை வீட்டில் எழுதி, எஃப்.டி.பி. வழியாகத்தான் வழங்கிக்கு ஏற்றினார்கள். நம் மலேசியாவில் மிமோஸ் நிறுவனத்தின் ‘ஜாரிங்’ சேவை 1990-களின் தொடக்கத்தில் இணையத்தைக் கொண்டுவந்தது. ஜாரிங் என்றால் மலாய் மொழியில் வலை என்று பொருள், பொருத்தமான பெயர்தான்.

பாதை இருக்கிறது, தளம் இருக்கிறது. தமிழ் ஏன் உடனே ஏறவில்லை? இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தின் ‘ஏ’ என்னும் பெரிய எழுத்துக்கு 65 என்று 1960-களிலேயே ஒரு பொது உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. தமிழுக்கு அத்தகைய உடன்பாடு இல்லை. எழுத்துருவை உருவாக்கிய ஒவ்வொருவரும் தமக்கு ஏற்ற எண்ணைக் கொடுத்துக்கொண்டார்கள். ஒருவருடைய கணினியில் ‘க’ என்றிருந்தது, மற்றொருவருடைய கணினியில் வேறேதோ குறியாகத் தெரிந்தது. கோப்பு பத்திரமாகப் போய்ச் சேரும். திறந்து பார்த்தால் கிறுக்கல். கடிதம் வந்து சேர்ந்தும் படிக்க முடியாத நிலை.

இந்தச் சிக்கலைத் தீர்க்க முன்வந்தவர்களுள் நம் நாட்டவர் முன்வரிசையில் நின்றார்கள். கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டினால் வரும் சிங்கப்பூரில், எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் முறையை அமைத்தார். 1995 அக்டோபர் மாதத்தில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஓர் இணையத்தளத்தை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். தமிழ் எழுத்து தமிழாகவே இணையத்தில் தோன்றிய முதல் தளங்களில் அதுவும் ஒன்று. ‘இணையம்’ என்ற சொல்லைத் தந்த பெருமையும் நா. கோவிந்தசாமிக்கே உரியது என்பர். 1999-இல் அவர் மறைந்தார்.

ஆளுக்கொரு முறை போதாது, பொது முறை வேண்டும் என்று பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்தார்கள். 1990-களின் இறுதியில் ‘டிஸ்கி’ என்னும் எழுத்துக் குறியீடு அவ்வாறு பிறந்தது. 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2000-இல் மீண்டும் சிங்கப்பூரிலும், 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. ‘உத்தமம்’ என்று அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000-இல் உருவாயிற்று. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ‘யூனிகோட்’ முறை நாளடைவில் எல்லாக் கருவிகளிலும் இடம்பெற்றது. இன்று நம் கைப்பேசியில் ‘அம்மா’ என்று எழுதினால் கனடாவிலும் அது ‘அம்மா’ என்றே தெரிகிறதென்றால், அதன் பின்னால் இத்தனை பேருடைய பொறுமை இருக்கிறது.

எழுத்து ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலேயே நூல்களும் பாதையில் ஏறத் தொடங்கின. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அதற்குத் தலைமை ஏற்றார். அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனன் துணை நின்றார். சம்பளம் பெற்றவர் எவருமில்லை. ஒருவர் தம் வீட்டில் அமர்ந்து நூலைத் தட்டெழுதுவார். மற்றொருவர் வேறொரு நாட்டில் அமர்ந்து பிழை திருத்துவார். பின்னர் அது தளத்தில் ஏற்றப்படும். அந்த வரிசையில் முதல் நூல் திருக்குறள்.

நூலைப் படம் பிடித்துப் போடாமல் ஏன் தட்டெழுதினார்கள் என்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை இணைத்த மோடம் ஒன்று விநாடிக்கு 28,800 பிட் வேகத்தில் இயங்கியது. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 3,600 பைட். தட்டெழுதிய ஒரு சிறு நூல் 1,00,000 பைட் அளவு என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய அரை நிமிடத்தில் அது போய்ச் சேரும். ஒரே ஒரு பக்கத்தின் படம் 10,00,000 பைட் இருந்தால், அதற்கு மட்டும் நான்கரை நிமிடத்துக்கு மேல் ஆகும். தொலைபேசிக் கட்டணமோ நிமிடக் கணக்கில் ஏறும். ஆகவே விரல் வலிக்கத் தட்டெழுதினார்கள். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில்கூடப் பாடக்குறிப்புகளை நெகிழ்வட்டில்தான் எடுத்துச் செல்வோம். ஒரு வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட், இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுகூடப் பெரும்பாலும் அதில் அடங்காது.

மதுரைத் திட்டத்தில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. மின்னூலின் முகப்பில் தட்டெழுதியவர் பெயரும் பிழை திருத்தியவர் பெயரும் நன்றியோடு அச்சாகியிருக்கும். பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய தலைமுறைகளில் வந்தவர்கள் நாம். நாம் வெட்டிய பால் உலகமெங்கும் சென்றது; நம் பெயர் எதிலும் ஒட்டிக்கொண்டு போகவில்லை. உழைத்தவர் பெயரும் உழைப்போடு சேர்ந்து பயணம் செய்த இந்த வழக்கத்தின் அருமை மற்றவர்களைவிட நமக்கு நன்றாக விளங்கும்.

எழுத்தைப் பல இடங்களில் வைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு யாழ்ப்பாணம் கண்ணீர்ச் சான்று. 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை என்றென்றைக்கும் போயின. 2005-இல் இலங்கைத் தமிழர்கள் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இணையத்தில் ஒரு நூலகத்தைத் தொடங்கினார்கள். நூல்களும் இதழ்களும் பள்ளி மலர்களும் அழைப்பிதழ்களும்கூட அங்கே சேர்க்கப்படுகின்றன. சிங்கப்பூரிலும் தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, 1965 முதல் 50 ஆண்டுகளில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் ஏறக்குறைய 350-ஐ மின்வடிவாக்கி 2015-இல் வெளியிட்டார்கள்.

ஆயினும் ஏற்றிவிட்டால் எல்லாம் நிலைத்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. 1990-களில் ‘ஜியோசிட்டீஸ்’ என்னும் இலவச இடத்தில் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை வைத்திருந்தார்கள். தமிழர்களும் அவர்களில் உண்டு. 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. வேறு படி வைத்திராதவர்கள் இழந்தார்கள். பழைய நெறிமுறையிலும் ஒரு குறை இருந்தது. மறைச்சொல்லை அது மூடாமல் திறந்தபடியே அனுப்பியது. இடையில் நிற்பவர் படித்துவிடலாம். அதனால் 1995-இல் பின்லாந்து நாட்டில் தட்டு யுலோனென் என்பவர் உருவாக்கிய மறைகுறி முறையைப் பின்பற்றிப் பாதுகாப்பான புதிய வழிகள் வந்தன. 2021-இல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய இரண்டு உலாவிகளும் பழைய எஃப்.டி.பி.க்கு விடைகொடுத்தன. பூஷண் அதை எழுதி அப்போது சரியாக 50 ஆண்டுகள். இன்று ஒரு பொத்தானைத் தொட்டாலே கோப்பு ஏறிவிடுகிறது. ஆனால் பெயர் சொல், அனுமதி பெறு, சுமையை அனுப்பு, சேர்ந்ததை உறுதி செய் என்னும் ஒழுங்கு மட்டும் மாறவில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். ஜொகூரில் குளுவாங், லாபிஸ், சிகாமாட், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் பால்மரங்கள் நின்ற இடங்கள் பல இன்று செம்பனையாகிவிட்டன. சில இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் போய்விட்டன. பள்ளிகள் சில இடம் மாறின. அந்த வாழ்க்கைக்குச் சாட்சியாக நம்மிடம் என்ன இருக்கிறது? தாத்தா கையால் எழுதிய நாடக நோட்டு. பாட்டி பாடிய தாலாட்டு. கோயில் திருவிழா அழைப்பிதழ். தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர். பெட்டிக்குள் இருக்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு படிதான். கறையானுக்கும் ஈரத்துக்கும் அது போதும்.

என் மாணவர்களுக்கு நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். விடுமுறையில் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாக இருந்தால் யூனிகோட் தமிழில் தட்டெழுதுங்கள். படமாக இருந்தால் நல்ல வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, எழுதியவர் யார், படத்தில் இருப்பவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறியுங்கள். குறிப்பில்லாத படம் முகவரியில்லாத கடிதம். ஒரு படியை வீட்டுக் கணினியிலும், ஒன்றைப் பென் டிரைவிலும், ஒன்றை இணையத்திலும் வையுங்கள். ஏற்றிய பின், வேறொரு கைப்பேசியில் திறந்து சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகளை மறக்க வேண்டாம். பிறர் எழுதிய நூலை அனுமதியின்றி ஏற்றக்கூடாது. மலேசியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த பிறகும் 50 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. அடுத்து, பழைய பதிவேடுகளில் உள்ள அடையாளக் கார்டு எண், வீட்டு முகவரி போன்ற விவரங்களை ஊரறிய வைக்கக்கூடாது. பெற்றோர்கள் பக்கத்தில் அமர்ந்து இதைக் கவனிப்பது நல்லது. பெற்றோர்க்குக் கணினி தெரியாமல் இருக்கலாம்; பிள்ளைக்குக் கதை தெரியாது. இருவரும் சேர்ந்தால்தான் கோப்பு நிறைவு பெறும்.

உ.வே. சாமிநாத ஐயர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். யாரோ ஒரு வீட்டார் அந்த ஏட்டை எறிந்துவிடாமல் பரண்மேல் வைத்திருந்ததால்தான் அவருக்குக் கிடைத்தது. நம் தோட்டங்களின் வரலாற்றை நாளை ஒருவர் தேடி வருவார். அவர் வரும்போது நம் வீட்டுப் பரணில் இருப்பது, நாலு பேர் எடுத்துப் படிக்கும் இடத்திலும் இருக்கட்டும். தாத்தாவின் நாடக நோட்டை இந்த வாரமே வெளியே எடுங்கள். அதன் முதல் பக்கத்தில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.